தேடிய இடத்தில் இல்லை

2001 மார்ச் 7 அன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடை முன்னால் ஊர்க்காரர்கள் திரண்டார்கள். கடைக்குள் மூட்டை மூட்டையாக உடைந்த கண்ணாடி; எல்லாம் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் உடைசல். 7.4 டன் இருக்கும் என்று போராட்டக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் முன்னின்ற போராட்டம் அது. மூட்டைகள் வந்த இடம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை. அந்த மாதமே ஆலையில் உற்பத்தி நின்றது. பிறகு தொடங்கவேயில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய ஆலையை 1980களின் தொடக்கத்தில் அங்கே மூடி, கொடைக்கானலில் கொண்டுவந்து நிறுவினார்கள். செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் சொத்தாக வந்து, பின்னர் யூனிலீவர் குழுமத்துக்குள் போனது. பாதரசம் கப்பலில் வந்தது, தெர்மாமீட்டர் கப்பலில் போனது, மிச்சம் மலையில் தங்கியது. பழைய கண்ணாடியை விற்றது தங்கள் விதிமுறையை மீறி நடந்த தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003-ல் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பென்சில்வேனியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நச்சுக்கழிவு திரும்பிப் போவது அரிதாக நடக்கும் விஷயம். அது நடந்ததே ஊர்மக்கள் விடாமல் நின்றதால்தான்.

இந்த விவகாரத்தின் முழு வரலாற்றையும் சொல்வதற்கு இங்கே இடமில்லை. நான் கூர்ந்து பார்க்க விரும்புவது அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு வாக்கியத்தை: தொழிலாளர் உடல்நலம் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. நிறுவனம் இதைச் சொன்னது, அது அமர்த்திய நிபுணர்கள் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியே அமைந்த நிபுணர் குழுவும், தொழிலாளர்களின் தற்போதைய உடல்நிலையைப் பழைய பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அறிவியலின் குரலில் வரும் இப்படியொரு வாக்கியத்தை எப்படிக் கேட்டுக்கொள்வது? அப்படியே நம்புவதா, விலைபோனவர்கள் என்று தள்ளிவிடுவதா? இரண்டுமே சோம்பல். ஆதாரம் இல்லை என்ற பேச்சுக்கு எவ்வளவு எடை என்பது, எங்கே, எப்போது, எதைக்கொண்டு தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்குப்போட்டே பார்த்துவிடலாம்.

பாதரசத்திலிருந்து தொடங்குவோம். சிறு வயதில் உடைந்த தெர்மாமீட்டரின் மணியை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவர்கள் நம்மில் பலர் இருப்போம். அந்த மணியை விழுங்கினால்கூடக் கிட்டத்தட்ட முழுவதும் குடலைத் தாண்டி வெளியே போய்விடும். மூச்சில் போனால் கதை வேறு. பாதரச ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுரையீரலிலேயே தங்கி ரத்தத்தில் கலந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை.

20 டிகிரி வெப்பத்தில் மூடிய அறையின் காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் பாதரசத்தைத் தாங்கும். கொடைக்கானல் குளிரில், 10 டிகிரியில், அது ஐந்தரை மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இறங்கும். குளிர் கொஞ்சம் காப்பாற்றுகிறது என்று தோன்றலாம். ஆனால் நம் தொழிற்சாலைச் சட்டம் வேலையிடத்தில் அனுமதித்த அளவு 0.05 மில்லிகிராம்தான். குளிரிலும் காற்று அதைப்போல நூறு மடங்கு வரை ஏந்த முடியும். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் 1 கிராம். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அறை, உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 கிராமில் ஐநூறில் ஒரு பங்கு ஆவியானாலே அறை வரம்பைத் தொட்டுவிடும். சன்னலைத் திறந்தால் குறையும். ஆனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்து மழைக்காலத்தில் யார் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள்?

தரையில் சிந்தும் பாதரசத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பாதரசம் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் விட்டம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது தரையில் விழுந்து சிதறுகிறது. ஒரு மில்லிமீட்டர் மணிகளாகச் சிதறினால் சுமார் 1,900 மணிகள். காற்று படும் பரப்பு பன்னிரண்டு மடங்கு கூடிவிடும். விளக்குமாற்றால் பெருக்கினால் மணிகள் இன்னும் பொடியாகிச் சுவரோரம், மேசைக்கால் இடுக்கு, தரை வெடிப்பு என்று புகுந்துகொண்டு மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சட்டையிலும் ஒட்டும், செருப்பிலும் ஒட்டும், வீட்டுக்கும் போகும். இது ஊகமில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் குழந்தைகளைச் சோதித்து 1987-ல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். கொடைக்கானல் ஆலை ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, இதே தொழிலில், இதே பொருளைக்கொண்டு கிடைத்த முடிவு இது. தொழிலாளியின் வீட்டையும் சோதிக்க வேண்டும் என்று அன்றே உலகத்துக்குத் தெரிந்திருந்தது.

இனி சிறுநீர்ச் சோதனைக்கு வருவோம். உடலுக்குள் போன பாதரசம் பாதியாகக் குறையச் சுமார் இரண்டு மாதம் ஆகும். நான்கு மாதத்தில் கால்பங்கு, ஆறு மாதத்தில் அரைக்கால்பங்கு. ஓராண்டில் அறுபத்துநான்கில் ஒன்று. இரண்டாண்டில் நாலாயிரத்தில் ஒன்று. ஆலை மூடியது 2001-ல். தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் போனது 2006-ல். அதற்குப் பிறகு எடுக்கும் சிறுநீரிலோ ரத்தத்திலோ பாதரசம் இயல்பான அளவில் இருந்தால், அது எதைக் காட்டும்? ஐந்தாண்டுக்கு முன்பு ஒருவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தாலும் அதே முடிவுதான் வரும், நிறைய உள்வாங்கியிருந்தாலும் அதே முடிவுதான். மழை நின்று ஒரு வாரம் கழித்து முற்றத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது, ஆகவே மழையே பெய்யவில்லை என்று சொல்வதைப் போன்றது அது. பாதரசம் வெளியேறிவிடும். அது மூளையிலும் சிறுநீரகத்திலும் செய்த சேதம் அப்படியே வெளியேறுவதில்லை.

ஆகவே ஒரு சோதனையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பாதிப்பு உண்மையில் இருந்திருந்தால், இந்தச் சோதனை அதைக் காட்டியிருக்குமா? காட்டியிருக்காது என்றால் அதன் மௌனத்துக்கு மதிப்பில்லை. இதைக் கேட்க மருத்துவப் பட்டம் வேண்டாம்.

யாரைச் சோதித்தார்கள் என்பது அடுத்தது. நுண்ணிய கண்ணாடிக் குழலோடு வேலை செய்ய நடுங்காத கை வேண்டும். கை நடுக்கம் பாதரச நஞ்சின் பழைய அடையாளம். நடுக்கம் வந்தவர் வேலையை விட்டுப் போய்விடுவார், அல்லது இழப்பார். வேலையில் நிலைப்பவர்கள் கூட்டத்திலேயே திடமானவர்கள். அவர்களை மட்டும் நிறுத்திச் சோதித்தால் ஆலை ஆரோக்கியமான இடமாகத்தான் தெரியும். தொழில்நோய் ஆய்வாளர்கள் நீண்டகாலமாக எச்சரித்துவரும் பொறி இது.

எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஒரு பேச்சுக்கு, ஊரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வரும் ஒரு சிறுநீரக நோய் ஆலைத் தொழிலாளர்களுக்கு நூற்றுக்கு நான்காக இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு தொழிலாளர்களையும் வேறு நூறு பேரையும் ஒப்பிட்டால் நாலுக்கு இரண்டு என்று வரும், சில சமயம் மூன்றுக்கு மூன்று என்றும் வரும். தற்செயலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவே முடியாது. அறிக்கையில் புள்ளியியல் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்று எழுதுவார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மை. நோய் இரட்டித்ததும் உண்மை.

2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு வேறு முடிவுக்கு வந்தது. தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கில் ஆதாரம் உண்டு என்றது. இந்த முடிவு என் மனச்சாய்வுக்கு ஒத்துப்போகிறது என்பதால் இதை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடாது. முதல்நோக்கு ஆதாரம் என்பது மேற்கொண்டு ஆராய்வதற்கான வலுவான காரணம். ஆராய்ச்சியின் முடிவு அதுவே ஆகிவிடாது. அதேபோல, இறந்துபோன முன்னாள் தொழிலாளர்களின் பட்டியலைப் போராட்ட அமைப்புகள் வெளியிட்டபோது அந்தப் பெயர்களின் துயரம் என்னை உலுக்கியது. ஆனால் அதே வயதில், அதே மலையில், வேறு வேலை பார்த்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரியாமல், பட்டியலின் நீளத்தை மட்டும் வைத்துப் பாதரசத்தின் பங்கைச் சொல்லிவிட முடியாது. அந்த ஒப்பீட்டைச் செய்யும் வசதி தொழிலாளியிடம் இல்லை, அரசிடம் இருந்தது. செய்யாத குற்றம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நிறுவனத்தின் அறிவியல் எப்போதும் பொய் என்று நினைப்பதும் தவறு. சில நேரம் அங்கேதான் உண்மை முதலில் தெரிகிறது. ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் 1956-ல் விசித்திரமான நரம்பு நோய் அறிவிக்கப்பட்டபோது, சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர் ஹஜிமே ஹொசொகாவா. அவர் ஆலையின் கழிவுநீரைப் பூனைகளுக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400-ம் எண் பூனை, ஊர்மக்களுக்கு வந்த அதே வலிப்போடு விழுந்தது. முடிவு வெளியே வரவில்லை. அரசு காரணத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1968-ல். அங்கே நஞ்சு மெத்தில் பாதரசம், வந்தது மீன் வழியே. கொடைக்கானல் ஆலையில் உலோகப் பாதரசத்தின் ஆவி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால் அறிக்கை எழுதியவரின் நேர்மையைவிட, அது யாருடைய அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்பது பெரிய கேள்வி என்பதை அந்தப் பூனை காட்டிவிட்டது.

கொடைக்கானலில் அலமாரிக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது. மரத்திலும் பாறையிலும் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குப் போடும் கல்பாசி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உடல் அது. கையில் எடுத்துப் பார்த்தால் விளிம்பு சுருண்ட தோல் துண்டு போல இருக்கும். மண்ணிலிருந்து உறிஞ்ச வேர் இல்லை, மெழுகுப் பூச்சு இல்லை. காற்றும் பனியும் மழையும் கொண்டுவருவதை அப்படியே உள்வாங்கி, ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும். சிறுநீர் ஓரிரு ஆண்டில் மறப்பதை லைக்கன் மறப்பதில்லை. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்து விஞ்ஞானிகள் ஆலையைச் சுற்றி லைக்கனையும் பாசியையும் சேகரித்துப் பாதரசத்தை அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். ஆலையைச் சுற்றிய மாதிரிகளில் அளவு தூரத்து ஊர்களின் மாதிரிகளைவிட வெகுவாகக் கூடியிருந்தது. ஆலைக்குள்ளிருந்து ஆவி வெளியே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து ஏரியை அளந்தார்கள். 2006-ல் வந்த ஆய்வின்படி கொடை ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம், மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். மலையின் வேறு ஏரிகளான பெரிஜம், குக்கல் நீரில் இதைவிட வெகுவாகக் குறைவு. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஏரியே நஞ்சு என்று சொன்னவர்களும் உண்டு. குடிநீருக்கான நம் வரம்பு லிட்டருக்கு 1,000 நானோகிராம், மீனுக்குக் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம். இரண்டுமே வரம்புக்குள். ஒருநாள் வந்து மீன் வறுவல் தின்றவர் அஞ்ச வேண்டியதில்லை. அதேசமயம், பாதரசம் ஆலையைத் தாண்டவில்லை என்ற வாதமும் இந்த எண்கள் முன் நிற்காது. ஒரே அளவீடு ஒரு கேள்விக்கு இல்லை என்றும் இன்னொன்றுக்கு ஆம் என்றும் பதில் சொல்கிறது. கேள்வியைப் பிரிக்காமல் எண்ணை மட்டும் தூக்கிக் காட்டுகிறவர் எந்தப் பக்கம் இருந்தாலும் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறார்.

மண்ணைச் சுத்தம் செய்யும் தகராறிலும் இதே கதைதான். கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருந்தால் போதும் என்று, நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முடிவுசெய்தது. போராட்டக்காரர்கள் பிரிட்டனைக் காட்டினார்கள். அங்கே குடியிருப்பு மண்ணுக்கு வழிகாட்டி அளவு 1 மில்லிகிராம். ஆனால் அது உலோகப் பாதரசத்துக்கு மட்டும். கனிமச் சேர்மமாக மாறிய பாதரசத்துக்கு அதே பிரிட்டன் 170 வரை போகிறது, மெத்தில் பாதரசத்துக்கு 11. எந்த வடிவம் என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் மண்மேல் வீடு கட்டி வாழும் மனிதரை நினைத்துப் போட்ட கணக்கு. ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே சரிவில் இருப்பது பாம்பார் சோலைக்காடு. அங்கிருந்து ஓடும் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. காட்டுக்கும் ஓடைக்கும் எந்த அளவு தாங்கும் என்பது வேறு ஆய்வு. மனிதருக்கான எண்ணை மலைக்கும் பொருத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அளவுக்குச் சந்தேகப்படுகிறவர் தடுப்பூசியையும் சந்தேகப்பட வேண்டாமா என்று கேட்பார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியில் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. கேளுங்கள், அதே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? உலகம் முழுவதும் பல கோடிக் குழந்தைகளிடம், பல பத்தாண்டுகளாக. யார் அளந்தார்கள்? ஒருவரையொருவர் தவறு கண்டுபிடிக்கக் காத்திருக்கும் பல நாட்டு ஆய்வாளர்கள். பாதிப்பு இருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் கடும் ஒவ்வாமைகூட அந்தக் கணக்கில் பிடிபட்டிருக்கிறது. கேள்வி ஒன்றுதான், இங்கே பதில் வேறு. ஊருக்கு உழைத்த சந்தேகத்தையும் ஊரைப் பயமுறுத்திய சந்தேகத்தையும் இப்படித்தான் பிரிக்க முடியும்.

கடைசியாக, அரசின் கண். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வருகிறவர் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், தங்கலா அன்றே திரும்பலா எல்லாம் பதிவாகிறது. 2025 கோடையில் வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கைக்கு வரம்பும் கட்டினார்கள். மலை தாங்கும் அளவை ஆராய இந்த எண்ணிக்கை தேவைதான், நான் எதிர்க்கவில்லை. அந்த விவரம் எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு காரையும் எண்ணத் தெரிந்த அரசு, தன் சட்டத்தில் எழுதிவைத்த இன்னொரு கண்காணிப்பை என்ன செய்தது? ஆலை ஓடிய காலத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதரச நஞ்சு அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் சேர்த்த 41-சி பிரிவு, நச்சுப்பொருளோடு வேலை செய்பவரின் உடல்நலப் பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும், அதைத் தொழிலாளி பார்க்கலாம் என்றது. இந்தக் கவனிப்பு புதிதல்ல; நோயாளியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700-லேயே எழுதினார். அவர் விவரித்தவர்களில் பாதரசம் தடவிக் கண்ணாடி செய்த வெனிஸ் தொழிலாளர்களும் உண்டு.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. பணம் வந்தது, வழக்கு முடிந்தது. உடல்நலக் கேள்வி முடியவில்லை, ஆனால் அதற்கு விடை தேட இன்னும் நேரம் இருக்கிறது. ஆலையில் வேலை பார்த்த அனைவரின் பெயரும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருக்கும். இறப்புப் பதிவேடு நகராட்சியில் இருக்கிறது. அதே வயதுள்ள விடுதி ஊழியர், தோட்டத் தொழிலாளர் என ஒப்பிட ஆளும் இதே மலையில் உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டையும் நரம்புச் சோதனையையும் இரு கூட்டத்துக்கும், யார் எந்தக் கூட்டம் என்று தெரியாத மருத்துவர்களைக் கொண்டு செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை பாம்பார் சோலையிலும் வட்டக்கானலிலும் லைக்கனையும், ஏரியில் மீனையும் அளந்து, எண்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் வாசலில் ஒட்டலாம். இதே கொடைக்கானலின் வானாய்வகம் 1904 முதல் எடுத்துவந்த சூரியப் படங்களை எண்ணிமமாக்கி, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும் என்று இந்திய வானியற்பியல் நிறுவனம் திறந்து வைத்திருக்கிறது. சூரியனைப் பற்றிய பதிவுக்குச் செய்ததை, அதன் கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றிய பதிவுக்கும் செய்ய வேண்டும். ஆலையில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் இப்போது அறுபதைத் தொடுகிறார்கள், தாண்டுகிறார்கள். ஆய்வைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் சோதிக்கக் கிடைப்பவர்கள் குறைகிறார்கள்.